தொடலாம் என்று எழுதியிருந்தது

என் தங்கை எலைனைப் பற்றி யாராவது கேட்டால் "ஆர்ட்டிஸ்ட்" என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிடுவது என் வழக்கம். ஆர்ட்டிஸ்ட் என்றால் பூவும் மலையும் வரைகிறவள் என்று நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். குளுவாங் பாசாரில் மீன்காரரின் ஐஸ் பெட்டிக்குள், மீன்களுக்கு நடுவே, வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு காலை முழுதும் படுத்துக்கிடந்தவள் அவள். கேட்டால் பெர்ஃபார்மன்ஸ் என்றாள். இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் மாதாவுக்கு ஃபேக்டரி சீருடையும் வலைத்தொப்பியும் மாட்டி ஆளுயரச் சிலை செய்தாள். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் முழுவதையும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். அவள் எங்கே வாங்கினாள்? அவள்தான் கோவில் பக்கமே வருவதில்லையே. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நான்தான் வாங்கினேன்.

நான் வினிஃப்ரெட். பெர்மாஸ் ஜெயாவில் டோபிக் கடை நடத்துகிறேன். வெளுக்க வரும் சட்டையைப் பார்த்தே அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று சொல்லிவிடுவேன். ஆனால் என் சட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது என் கணவர் டெஸ்மண்டுக்கும் எலைனுக்கும் மட்டும்தான் தெரியும். என்ன இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். என் இடது மார்பைப் புற்றுநோய்க்காக எடுத்துவிட்டார்கள்.

கோவிலில் பித்தப்பைக் கல் ஆபரேஷன் என்று சொல்லிவைத்தேன். வேறென்ன செய்வது? எங்கள் கோவில் பங்கில் ஒருத்திக்கு இதே நோய் வந்தபோது மைக்கில் பெயர் சொல்லி ஜெபித்தார்கள். பிறகு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வரிசையாக அவள் வீட்டுக்குப் போய், பேச்சு முகத்திலும் கண் நெஞ்சிலுமாக உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். நானும்தான் போனேன். அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அது என் மேல் விழக்கூடாது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த செயற்கை மார்பு டோபிக் கடை வெக்கைக்கு ஒத்துவரவில்லை, வேர்த்து வழுக்கியது. அதனால் நானே ஒரு சின்னத் துணிப்பை தைத்து, பச்சைப்பயறு நிரப்பி, உள்ளே வைத்துக்கொண்டேன். கனமும் சரியாக இருந்தது, தொட்டால் மெத்தென்றும் இருந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஒரு மழை வாரத்தில், இஸ்திரி ஆவிக்குள்ளேயே கிடந்த நாட்களில், பயறு முளைவிட்டுவிட்டது.

எலைன் அன்று வீட்டுக்கு வந்திருந்தாள். பாத்ரூமில் நான் போட்ட சத்தத்துக்கு ஓடி வந்தாள். என் கையில் துணியைக் கிழித்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக முளைகள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழ ஆரம்பித்தவள் நான்தான். அப்போது அவள், "காட்டுக்கா" என்றாள்.

டெஸ்மண்டுக்குக்கூட விளக்கை அணைத்துவிட்டுத்தான் முதுகைக் காட்டுவேன். தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்து களைத்துக் கிடக்கும் மனிதர், பாவம், அவரும் கேட்டதில்லை. அன்று ஏனோ காட்டினேன். எலைன் உச்சுக் கொட்டவில்லை. கண்ணைத் திருப்பவும் இல்லை. முதன்முதலாகக் கடலைப் பார்க்கிற பிள்ளை மாதிரி பார்த்தாள். என்னை அப்படி யாரும், என் கல்யாணத்தன்றுகூட, பார்த்ததில்லை.

"இதை நான் மெழுகுல செய்யட்டுமா?" என்றாள்.

"உனக்குப் பைத்தியம் முத்திப் போச்சி. எழுந்து போ லா."

போனாள். ஆனால் கேள்வியை என் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அது என்னோடு துணி மடித்தது, என்னோடு சாப்பிட்டது. கடைசியில் நானே போன் அடித்தேன். "யாரோடதுன்னு சொல்லக்கூடாது. பேரு வரக்கூடாது." அவள் சத்தியம் செய்தாள்.

செடெனாக் பக்கம், ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போட்டுக் காயவைத்த பழைய கட்டடம் ஒன்றை அவள் வாடகைக்கு எடுத்திருந்தாள். சுற்றிலும் தோட்டத்தை அழித்துப் பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் எழும்பிக்கொண்டிருந்தன. உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேலே பார்த்தேன். பழைய உத்தரங்களில் ஆளுயரத்துக்கும் பெரிய வெள்ளைத் தாள்களை முகம் கீழே பார்க்க அடித்திருந்தாள். ஏணியில் ஏறி, எரியும் மெழுகுவத்தியை அந்தத் தாளுக்கு அடியில் பிடித்தாள். புகைதான் மை. கை நின்றால் தாள் பற்றிக்கொள்ளும். வேகமாகப் போனால் கோடு விழாது. அவள் கை நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை. கழுத்து பின்னால் மடங்க, கரி முகத்தில் கொட்ட, என் அக்குளிலிருந்து நெஞ்சின் நடுவரைக்கும் போகிற தழும்பை ஒரே மூச்சில் வரைந்தாள். சின்ன வயதில் ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் என்னிடம் காலை நீட்டுகிற பெண். 

பிறகு என்னை உட்காரவைத்து உடம்பில் வாசலின் தடவினாள். கை உடைந்தால் போடுகிற அதே மாவுக்கட்டுத் துணியை நனைத்து நனைத்து, கழுத்திலிருந்து விலாவரை ஒட்டினாள்.

"செயினைக் கழட்டுக்கா. அச்சு விழுந்துடும்."

"கழட்ட மாட்டேன். விழுந்தா விழட்டும்."

அது அந்தோணியார் மெடல். சின்ன வயதில் கோவிலில் எனக்கு உறுதிபூசுதல் கொடுத்த அன்று என் ஞானத்தாய் பிலோமினா ஆன்ட்டி போட்டுவிட்டது. ஆபரேஷன் மேசையில் தவிர வேறெங்கும் நான் அதைக் கழற்றியதில்லை. ஒருமுறை இஸ்திரிப் பெட்டியில் சிக்கி ஓரம் மடங்கிப்போன மெடல். எலைன் அதன் மேலேயே மாவை அப்பினாள்.

மாவுக்கட்டு இறுகும்போது சூடாகும். அந்தச் சூடு, ஆபரேஷனுக்குப் பிறகு மரத்தே கிடந்த அந்த இடத்துக்குள் மெல்ல இறங்கியது. அங்கே எனக்கு உணர்ச்சி போய்விட்டது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். "சுடுதுடி" என்றேன். எலைன் என் முகத்தைப் பார்த்தாள். 

கண்காட்சி ஜேபி நகரின் பழைய டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் என்று முடிவானது. அதுவரைக்கும் நிம்மதிதான். பிலோமினா ஆன்ட்டியின் வாய்ஸ் மெசேஜ் வந்தபோதுதான் போயிற்று நிம்மதி.

பிலோமினா ஆன்ட்டி ரிட்டையர்டு டீச்சர், மரியாயின் சேனை என்கிற கோவில் சங்கத்தின் தலைவி. ஃபாதரே அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இருமுவார் என்று டெஸ்மண்ட் கிண்டல் செய்வார். "வினி, உன் தங்கச்சி அந்தோணியார் பொருத்தனையைக் கேலி பண்றாளாமே. மெழுகுக் கை, மெழுகுக் கால் எல்லாம் பரப்பி வெச்சி, நடுவுல தானே சுரூபம் மாதிரி உக்காரப் போறாளாம். நாங்க வேன் எடுத்துக்கிட்டுப் போறோம். கேலின்னு தெரிஞ்சா அங்கேயே முழங்கால் போட்டு சத்தமா ஜெபமாலை சொல்லுவோம். கடையைச் சாத்துற வரைக்கும் சொல்லுவோம். நீயும் வா."

குளுவாங் பக்கத்து எஸ்டேட்டில் எங்கள் எல்லோருக்கும் சொந்தமான ஓர் அந்தோணியார் கெபி, சின்னக் குகைக் கோவில், இருக்கிறது. ஜூன் மாதத் திருவிழாவில் அங்கே தட்டுகளில் மெழுகு உருவங்கள் வைத்திருப்பார்கள். கை, கால், கண், குழந்தை. எந்த இடம் நோகிறதோ அந்த உருவத்தை எடுத்து, நோகிற இடத்தில் ஒற்றி, மனதுக்குள் கேட்டுக்கொண்டு, புனிதரின் காலடியில் வைக்க வேண்டும். அதுதான் பொருத்தனை. திருவிழா முடிந்ததும் எல்லாவற்றையும் உருக்கி அடுத்த வருஷத்துக்கு மெழுகுவத்தி ஊற்றிவிடுவார்கள். அந்தத் தட்டில் மார்பு மட்டும் இருந்ததே இல்லை.

நானும் வேனில் ஏறினேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும். போனால் எலைனுக்காவது காவலாக நிற்கலாம். இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு பலகை. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் நான்கிலும் ஒரே ஒரு சொல்தான். தொடலாம்.

உள்ளே போனோம். சுவர் முழுக்கப் புகை ஓவியங்கள். நடுவில் நீளமான மேசையில் மெழுகு உடம்புகள், தேன் நிறத்தில், ஜன்னல் வெளிச்சம் உள்ளே புகுந்து தேங்கிக்கிடக்க. கெபியில் விற்பது மாதிரி அச்சில் வார்த்த பொம்மைக் கைகள் அல்ல. விரல் போன கை. சர்க்கரைக்குப் பாதம் எடுத்த கால். ரப்பர் பால் வெட்டிக் கூனிப்போன முதுகு. தையல் போட்ட வயிறு. ஒவ்வொன்றிலும் மயிர்க்கால் தெரிந்தது, நகக்கண் தெரிந்தது. உயிரோடு இருக்கிற மனிதர்களின் உடம்பு என்று பார்த்தவுடனே தெரிந்தது.

மண்டபக் கோடியில் எலைன் உட்கார்ந்திருந்தாள்.  நெற்றியிலிருந்து இடுப்புவரை, உடுத்தியிருந்த துணியோடு சேர்த்து, மெழுகை உருக்கி அடுக்கடுக்காக ஊற்றியிருந்தார்கள். கண்ணும் மூக்கும் வாயும் மட்டும் வெளியே. அசைந்தால் மெழுகு விரிசல் விடும், அதனால் மாலைவரை அசையப்போவதில்லை என்று வாசலில் நின்றவர் மெதுவாகச் சொன்னார். சின்னச் சின்ன மூச்சாக விட்டுக்கொண்டிருந்தாள். அவள் என் தங்கை என்பதே எனக்கு மறந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அந்த நினைப்புக்கே பயந்து சிலுவை போட்டுக்கொண்டேன்.

பிறகுதான் மேசையின் ஓரத்தில் என்னைப் பார்த்தேன்.

வலது பக்கம் முழுசாக, இடது பக்கம் தட்டையாக, குறுக்கே தழும்போடு. கழுத்துக் குழிக்குக் கீழே அந்தோணியார் மெடல். ஓரம் மடங்கியது உட்பட, அப்படியே அச்சாக. பேர் வரக்கூடாது என்று சத்தியம் வாங்கியவள் நான். பேரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தவளும் நானேதான். அவசர அவசரமாகச் செயினைச் சட்டைக்குள் தள்ளினேன். 

பிலோமினா ஆன்ட்டி ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டார். "பாத்தீங்களா? நான் சொல்லல? இதெல்லாம் கேலி இல்லாம வேற என்ன? எல்லாரும் முழங்கால் போடுங்க."

எங்கள் கூட்டத்தில் ஞானம்மா என்று ஒரு ஆன்ட்டி. காது கொஞ்சம் மந்தம். எதற்கு வந்தோம் என்று வேனிலேயே அவருக்குச் சரியாகப் புரியவில்லை. முழங்கால் போடச் சொன்னால் அவர் எங்கே போடுவது, பல வருஷமாக முட்டி அவரைக் கொல்கிறது. அவர் மேசையிடம் போனார். ஒரு மெழுகுக் காலைத் தேடி எடுத்தார். சேலையோடு சேர்த்துத் தன் முட்டியில் ஒற்றினார். வாய் முணுமுணுத்தது. பிறகு ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அசைந்து அசைந்து நடந்துபோய், எலைனின் காலடியில் அந்தக் காலை வைத்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"ஐயோ ஞானம்மா! இது கோவில் இல்ல! அது அந்தோணியார் இல்ல, எலைனு!" பிலோமினா ஆன்ட்டி கத்தினார்.

ஞானம்மா ஆன்ட்டி திரும்பி, பலகையைக் கை காட்டினார். "தொடலாம்னுதானே போட்டிருக்கு? எனக்கு முட்டி வலிக்குது. நான் தொட்டேன்."

யாராவது சிரித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் கூட்டத்திலிருந்து இன்னொருத்தி போய் ஒரு முதுகை எடுத்தாள். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரின் மனைவி அவள். வீட்டில் படுத்திருக்கும் அவருக்காகத் தன் முதுகில் ஒற்றிக்கொண்டாள். பிறகு ஒருத்தி வயிற்றை எடுத்தாள், ஏன் என்று எங்களுக்கெல்லாம் தெரியும், பார்க்காத மாதிரி நின்றோம். படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு சீனக் கிழவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, ஒரு காதை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டார். அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?  செருப்புச் சத்தமும் மெழுகை வைக்கிற சத்தமும் மட்டும்தான். எலைன் காலைச் சுற்றி உடம்புகள் குவிந்தன. அவள் கண்ணை மூடவில்லை, ஒவ்வொருவரையும் பார்த்தாள். அன்று பாத்ரூம் தரையில் என்னைப் பார்த்த அதே பார்வை.

நான் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போயிருக்கிறேன், பெரிய பெரிய திருவிழா பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஐஸ் பெட்டியில் படுத்த கிறுக்கச்சி என்று இத்தனை நாள் நான் வெட்கப்பட்டவளுக்குள் இவ்வளவு பெரிய இடம் இருந்திருக்கிறது. 

மேசை காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் என்னுடையது மட்டும் மிஞ்சியது.

அதை யாரும் தொடவில்லை. கிட்டே போவார்கள், தழும்பைப் பார்ப்பார்கள், கையை இழுத்துக்கொள்வார்கள். ஒருத்தி, "ச்சே, பாவம், யாரோ" என்றாள். பிலோமினா ஆன்ட்டி ஒருவர்தான் கிட்டே போய்க் குனிந்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மெடலிருக்கும் இடத்தில் அவர் முகம் நின்றுவிட்டது. போச்சு என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் நிமிர்வார், என்னைப் பார்ப்பார், அந்தப் பார்வை வந்துவிடும். வேனில் பாதி வழி போவதற்குள் பங்கு முழுக்கத் தெரிந்துவிடும். படியிறங்கி ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன்.

ஓட முடியவில்லை. பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது. எல்லா நோவையும் எடுத்துப் போனார்கள். என்னுடையதை மட்டும் யாரோ என்று விட்டுவிட்டார்கள். அது யாரோ இல்லை. சூடு தெரிகிற உடம்பு அது.

போனேன். பிலோமினா ஆன்ட்டிக்குப் பக்கத்தில் நின்று அதை இரண்டு கையாலும் தூக்கினேன். சட்டைக்குள் கைவிட்டு, இப்போது பஞ்சு அடைத்திருந்த துணிப்பையை எடுத்து மேசையில் வைத்தேன். மெடலை வெளியே எடுத்துப் போட்டேன். மெழுகை என் நெஞ்சோடு சேர்த்து அழுத்தினேன். என் உடம்பின் அச்சு என் உடம்பில் சரியாகப் பொருந்திற்று. பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மண்டபத்தின் கோடிவரைக்கும் அப்படியே நடந்தேன். எனக்கென்று எதையும் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. எலைனின் மடியில் வைத்தேன். அவள் அசையவில்லை. கண்ணிலிருந்து வழிந்த தண்ணீர் மட்டும் மெழுகின் மேல் நிற்காமல் உருண்டு ஓடியது. "போதுமாடி?" என்றேன்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பிலோமினா ஆன்ட்டி. ஜெபமாலையை எங்கேயோ வைத்துவிட்டார். எலைன் மடியிலிருந்த என் மெழுகு மார்பை, யாரையும் கேட்காமல், இரண்டு கையாலும் எடுத்தார். தன் நெஞ்சில், வலது பக்கமாக, ஒற்றினார். ஒற்றியவர் எடுக்கவே இல்லை.

"வினி," என்றார். டீச்சர் குரல் இல்லை அது. "வலிச்சிச்சா?"

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"வலிச்சிச்சி ஆன்ட்டி. மயக்கம் தெளிஞ்சப்ப ரொம்ப வலிச்சிச்சி. அப்புறம் குறைஞ்சிடுச்சி." அவர் கையைப் பார்த்தேன். "உங்களுக்கு எப்ப இருந்து?"

"தவக்காலத்துல இருந்து. மொதல்ல பட்டாணி மாதிரி இருந்திச்சி."

"தவக்காலமா? அது மார்ச் மாசம், இப்ப செப்டம்பர்! அலமாக், ஆன்ட்டி, யாருகிட்டயும் சொல்லலயா?"

"நீ சொன்னியா?"

சுருக்கென்று தைத்தது. ஆனால் எனக்கா பதில் இல்லை? அவ்வளவு பெரிய அமைதிக்கு நடுவில் என் குரல் டோபிக் கடைக் குரலாகக் கிளம்பியது. "நான் கோவில்லதான் சொல்லல, டாக்டர்கிட்ட ஓடினேன்ல! ஊரு பிள்ளைங்களுக்கெல்லாம் பாடம் சொல்லிக் குடுத்தீங்க, உங்களுக்கு அறிவு எங்க போச்சி? நாளைக்குக் காலையில குளிச்சி ரெடியா இருங்க. நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன். அழாதீங்க! எல்லாக் கட்டியும் கெட்ட கட்டி இல்ல. அப்படியே எடுக்கணும்னு சொன்னாலும் எடுத்துட்டு இதோ நிக்கிறேன், பாத்துக்குங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன், உள்ளே பச்சைப்பயறு மட்டும் வெச்சிக்காதீங்க. முளைச்சிடும்."

எங்கேயோ படாரென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. திரும்பினேன். எலைனின் தோளில் ஒரு விரிசல், கழுத்தில் ஒன்று, கன்னத்திலிருந்து காதுவரை ஒன்று. இத்தனை பேரின் நோவைப் பார்த்தும் அசையாதவள், மெழுகு உடைந்து கொட்டக் கொட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஞானம்மா ஆன்ட்டி குனிய முடியாமல் குனிந்து, சிதறிய துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார், அடுத்த வருஷ மெழுகுவத்திக்கு ஆகும் என்று. பிலோமினா ஆன்ட்டி என் மார்பை இன்னும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டுதான் நின்றார். அதைத் திருப்பி வைக்கச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை.